பிரம்மதேசத்து ஏரியில் இடப்பக்கம் இழுக்கும் படகு: ஓர் ஆய்வு

1. இடவரையறை

தமிழகத்தில் பிரம்மதேசங்கள் பல. அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரத்துக்கு அருகில் ஒன்றும் திண்டிவனம்–மரக்காணம் தடத்தில் இன்னொன்றும் உண்டு. நாம் எடுத்துக்கொண்டது எண்ணாயிரத்துப் பக்கத்தது. ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்தில் 340 மாணவர்கள் வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் படித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ரிமோட் படகு பாடத்திட்டத்தில் இல்லை. ஆயிரம் ஆண்டாகத் தொடரும் அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னோர் முயற்சிகள்

1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் படகோட்டிக் காட்டினார். காப்புரிமை எண் 613809. ஆனால் அவர் ஓட்டியது தொட்டியில். காற்றும் வேலம்பாசியும் யோசனை சொல்ல ஆளும் இல்லாத இடத்தில் கிடைத்த முடிவுகள் நம் ஏரிக்குச் செல்லா.

நம்மவர் சான்று இதைவிட வலுவானது. நீர் ஆவியாகாமலிருக்க 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றடித்ததும் கரை ஒதுங்கின. சுக்கான் இல்லாத மிதவை காற்றின் சொல்லைத்தான் கேட்கும் என்பது அன்றே ஐயமற நிறுவப்பட்டது.

கட்டுமானத்துக்கும் மரபு உண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குகையில் மகேந்திரவர்மன் பொறித்துவைத்தான். நம் படகிலும் செங்கல், மரம், சுதை இல்லை. தெர்மாகோல், பிரவுன் டேப், உடைந்த பொம்மைக் காரின் ரிமோட், அவ்வளவே. மோட்டாரில் உலோகம் இருப்பதால் மன்னன் ஒரு படி முன்னே நிற்கிறான். பெவிகுவிக் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும் என்ற கவலையும் அவனுக்கு இருந்ததில்லை.

3. கோளாறுகளும் மூலமும்

நம் கருதுகோள்: கோளாறு தெரிகிற முனையில் அதன் காரணம் இருக்காது. கரையில் நிற்பவர் கை வைப்பதோ தெரிகிற முனையில்தான்.

அ) இடது இழுப்பு. பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றை விசிறி படகின் பின்பக்கத்தை வலப்பக்கம் தள்ளும். மூக்கு இடப்பக்கம் திரும்பும். கரையிலிருப்பவர் மூக்கைச் சீவச் சொல்வார். சுக்கானை ஒரு நூல் வலப்பக்கம் வைத்தாலே போதும். இரண்டு மோட்டார் என்றால் விசிறிகளை எதிரெதிராகச் சுற்றவிடலாம்.

ஆ) துள்ளல். வேகமெடுத்ததும் மூக்கு எழும்பி எழும்பி விழும். மூக்கில் கல் வைக்கச் சொல்வார்கள். வைத்தால் துள்ளல் நிற்கும். சமயத்தில் படகும் நிற்கும். குற்றவாளி, பின்னால் ஒதுக்கிவைத்த பேட்டரி. மொத்த எடையின் மையம் பின்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீளத்தில் விழும்படி அதை முன்னே நகர்த்த வேண்டும்.

இ) திரும்ப மறுப்பு. விசிறி தள்ளும் நீர் மேலே பட்டால்தான் சுக்கானுக்கு உயிர். கரை நெருங்குகிறதே என்று பயந்து வேகத்தை விட்டவன் கரையில்தான் போய் முட்டுவான்.

ஈ) ரிமோட்டுக்குக் காது கேளாமை. எல்லாரும் ரிமோட்டைத் தட்டுவார்கள். இரைச்சல் படகுக்குள்ளேயே இருக்கிறது: மோட்டாரின் பிரஷ் விடும் தீப்பொறி, ரிசீவரின் காதடைக்கிறது. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று போட்ட சிறு கெப்பாசிட்டரைப் பற்றவைத்து, ஆன்டெனா கம்பியை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தினால் செவி திறக்கும்.

உ) எதிர்வரவு. படகு நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடம். களத்தில் பதிவான உரையாடல்:

“சித்தப்பா, ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி!”

“ரைட்லதான்டா ஒடிக்கிறேன், அது லெப்ட்ல போவுது!”

இரு கூற்றும் மெய். முரணைத் தீர்க்க எண்ணாயிரத்து மீமாம்சகர் எவரும் இன்றில்லாததால் எளிய விதி ஒன்று தருகிறோம்: எதிரே வரும் படகு எந்தப் பக்கம் விலகுகிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுக. வந்து நேராகிவிடும். சித்தப்பா இவ்விதியை ஏற்கவில்லை. படகு கோரைக்குள் போய் நின்றது.

4. பரிந்துரை

மேற்கண்டவை எல்லாம் சரியான பின்னும் எஞ்சும் கோளாறு, ரிமோட் யார் கையில் இருப்பது என்பது. இதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டே வழி. முதல் பராந்தகன் காலத்தில், 921 வாக்கில், ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல். கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் கூடாது.

இவ்விதிகளை நம் கரையில் பொருத்திப் பார்த்தோம். படகு செய்த பையன் எட்டாம் வகுப்பு, வயதில் அடிபட்டான். பேட்டரி வாங்கிய காசுக்குச் சித்தப்பா இன்னும் கணக்குக் காட்டவில்லை, அவர் நீங்கினார். ஊரில் அவருக்கு உறவு இல்லாதவர் கிடையாது, ஊரே நீங்கிற்று. எஞ்சியவை நீரில் கிடந்த எருமைகள். அவற்றின் பேரில் கால் வேலி நிலம் இல்லை.