பாடகர் வரும்வரை

எண்பதுகளில், சென்னை மணலிக்குப் பக்கத்து மாத்தூரில் ஆடி மாதம் கூழ் வார்த்த அன்று ராத்திரி, கோயில் வாசலில் பாட்டுக் கச்சேரி. அதில் காம்போ ஆர்கன் என்ற டிரான்சிஸ்டர் கீபோர்டு ஒழுங்காக வந்து சேர்ந்துவிடும், பாடகர்தான் வரமாட்டார். மணலி ரோட்டில் ஏதோ ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் அவருடைய டாக்ஸி நின்றுகொண்டிருக்கும். ஆர்கன் ராயபுரத்திலிருந்து மீன்பாடி வண்டியில், ஜமுக்காளம் போர்த்திக்கொண்டு, சாயங்காலமே இறங்கியிருக்கும். கூடவே சைக்கிளில் மாஸ்டர். ரயில்வேயில் வேலை; ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பு; மற்ற ராத்திரிகளில் எங்களைப் போன்ற ஊர்கள்.

ஒன்பது மணிக்கு விழாக் கமிட்டிப் பெரியவர் மேடை ஓரம் வந்து நிற்பார். “இன்னா மாஸ்டர், பாடறவரு வர்ற வரைக்கும் எதுனா வாசிச்சிக்கினு இருங்களேன்.”

மாஸ்டர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கிரீன் ஆனியன்ஸை எடுப்பார். 1962-இல் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் புக்கர் டி. ஜோன்ஸ் என்ற 17 வயதுப் பையன் ஹேமண்ட் ஆர்கனில் வாசித்தது. அங்கேயும் கிட்டத்தட்ட மாத்தூர் கதைதான். வேறொரு பாடகருக்காகக் கூடிய வாத்தியக்காரர்கள், கையில் நேரம் மிஞ்சியதால் தங்களுக்குள் வாசித்துப் பார்த்தது ரெக்கார்டு ஆகிவிட்டது. அமெரிக்காவில் அதை ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற்றினார்கள். மாத்தூரில் மைக் டெஸ்டிங் என்று நினைத்தார்கள். பாதியில் ஒருவர் எழுந்து, “செட்டு சரியாயிடுச்சா?” என்று அக்கறையோடு விசாரித்ததும் உண்டு.

மாஸ்டர் அசரமாட்டார். டேவ் ‘பேபி’ கோர்டெஸின் தி ஹேப்பி ஆர்கனுக்குத் தாவுவார். பாடகரே இல்லாமல் 1959-இல் அமெரிக்கப் பட்டியலின் உச்சியைத் தொட்ட ஆர்கன் துண்டு அது. கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் குழந்தைகளுக்கு வேர்க்கடலை உரித்துக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் அவர் இறங்கிவருவது மகுடிக்கு. 1954-இல் வந்த நாகின் இந்திப் படத்தின் டியூன். அதற்குத்தான் விசில். கைக்குட்டையைப் பல்லில் கடித்து மகுடியாக்கிக்கொண்டு ஒருவன், தலைக்கு மேல் கை குவித்துப் படமெடுத்து இன்னொருவன், புழுதியில் உருளுவார்கள். அந்தப் படத்தில் ஒலித்தது நிஜ மகுடியே இல்லை. ஹேமந்த் குமாரின் இசையில் கல்யாண்ஜி, கிளாவியோலின் என்ற சின்ன மின்சாரக் கீபோர்டில் வாசித்தது. அதே கருவியை முன்னால் வைத்து இங்கிலாந்தின் டொர்னடோஸ் குழு டெல்ஸ்டார் என்ற டியூனை வெளியிட்டு உலகத்தைக் கலக்கியது 1962-இல்தான். ஆக மின்சாரக் கீபோர்டு இசைக்கு மாத்தூர் எட்டு வருஷம் முன்னாலேயே ஆடத் தயாராக இருந்தது. பாம்பு என்று சொல்லிவிட்டால் போதும், பாடகர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

மாஸ்டருக்கு நிஜ ஹேமண்ட் மேல் தீராத ஆசை. லாரன்ஸ் ஹேமண்ட் கடிகாரம் செய்தவர். அவருக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது. கடிகார மோட்டாரையே வைத்துப் பற்சக்கரங்களைச் சுழலவிட்டு 1935-இல் சர்ச்சுகளுக்கு விற்க ஆரம்பித்தார். அவருடைய பி-3 மாடலில் 91 சக்கரங்கள். பெஞ்சும் கால்கட்டைகளும் சேர்த்து 180 கிலோவுக்குக் குறையாது. மீன்பாடி தாங்காது. தாங்கினாலும் சுருதி தாங்காது. மோட்டார் ஓடும் வேகம் கரண்ட்டின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அமெரிக்காவில் 60, நமக்கு 50. அங்கே 5 கட்டையில் பேசும் பெட்டி, இங்கே அப்படியே செருகினால் 3 கட்டையில் பேசும். ஜெனரேட்டர் மூச்சுத் திணறும்போதெல்லாம் இன்னும் இறங்கும். எங்கள் டிரான்சிஸ்டர் ஆர்கனுக்கு அந்த வியாதி இல்லை. வேறு வியாதிகள் இருந்தன.

முக்கியமானது ‘டிக்’. கட்டையை அழுத்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு சொடுக்கு. மாஸ்டர் கச்சேரிக்கு முன் மூடியைக் கழற்றி, பெட்ரோலில் நனைத்த துணியால் கான்டாக்டுகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருந்ததால் நாற்றம் இலவசம். அந்தப் பெட்ரோல் மட்டும் பங்க்கில் காசு கொடுத்து வாங்கியது. ஹேமண்டிலும் இதே சொடுக்கு உண்டு. கம்பெனி அதைக் குறை என்று நினைத்து ஒழிக்கப் பார்த்தது; புளூஸ்காரர்கள் அதுதான் வேண்டும் என்றார்கள். டான் லெஸ்லி செய்த சுழலும் ஸ்பீக்கர் பெட்டியும் அப்படியே. ஹேமண்டுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வாசித்தவர்கள் அதில்லாமல் மேடை ஏறவில்லை.

போன வருஷம் அக்கா மகன் லேப்டாப்பில் ஒரு ஆர்கனைக் காட்டினான். எடை கிடையாது. திரையில் வரிசையாகத் திருகுகள்: சொடுக்கு எவ்வளவு, சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்க வேண்டும், ஸ்பீக்கர் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும். “இதுக்குத்தான் மாமா தனியா காசு” என்றான். மாஸ்டர் வாழ்நாளெல்லாம் துடைத்ததை இவன் மாதத் தவணையில் வாங்கியிருக்கிறான்.

இப்போதும் மாத்தூரில் ஆடிக்குக் கச்சேரி உண்டு. மாத்தூர் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டமும் இருக்கிறது. அதனால் பாடகர் ஏழு மணிக்கே ஆஜர். டேங்கருக்குப் பதில் இப்போது கன்டெய்னர் லாரி வழிமறித்தாலும், பைக்கில் சந்துக்குள் புகுந்து வந்துவிடுகிறார். பின்னணி பென் டிரைவில். கீபோர்டு ஒன்று ஸ்டாண்டில் நிற்கிறது. வாசிப்பவர் செல்போனும் பார்த்துக்கொள்கிறார். தப்பே வருவதில்லை. பாடகருக்காகக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் நிகழ்ச்சி நிரலிலிருந்து போய்விட்டது. வாத்தியக்காரர்களுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான்.

உங்கள் ஏரியா சவுண்ட் சர்வீஸ் கடைப் பரணில் பழைய காம்போ ஆர்கன் ஏதாவது கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் ஒருதரம் பிளக்கில் செருகிப் பாருங்கள். எர்த் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.