வாசிக்கத் தெரியாதவர் செய்த கித்தார்

மின்கித்தார் செய்பவரிடம் கேட்கக் கூடாத கேள்வி, "அங்கிள், ஒரு பாட்டு வாசிங்களேன்" என்பது. ஜொகூர் பாருவின் வரிசை வீடுகளில், கார் நிற்க வேண்டிய போர்ச்சில் மேசையைப் போட்டு, காரை ரோட்டோரம் வெயிலில் காயவிட்டு, கையில் சோல்டரிங் அயனோடு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பார்த்து பக்கத்து வீட்டுப் பையன் இதைக் கேட்பான், மைத்துனர் கேட்பார், மீட்டர் கணக்கெடுக்க வந்தவர்கூடக் கேட்டுவிட்டுப் போவார். விஷயம் தெரிந்தவர் இதற்கெல்லாம் கலங்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "லியோ ஃபெண்டருக்கே வாசிக்க வராது தம்பி" என்பார்.

பொய்யில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்த லியோ ஃபெண்டர், அதற்கு முன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1951-இல் டெலிகாஸ்டர், 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று உலகமே தோளில் மாட்டிக்கொண்ட இரண்டு கித்தார்கள் அவர் பட்டறையில் பிறந்தன. கடைசிவரை அவர் கித்தார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. லண்டனில் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலோ டிரம்ஸ்காரர். 1962-இல் அவர் கடை ஆட்கள் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்த்து, அதன் வழியிலேயே செய்ததுதான் முதல் மார்ஷல் ஆம்ப். இப்படிப் பார்த்தால், வாசிக்கத் தெரியாமல் இருப்பதை இந்தத் தொழிலில் ஒரு தகுதியாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பரம்பரைக்கு இன்னொரு குணமும் உண்டு. வீட்டிலிருக்கும் நல்ல பொருள் ஒன்றைக் கழற்றாமல் இவர்களால் வேறொன்றைச் செய்ய முடியாது. முதல் மின்கித்தார்களில் ஒன்றை உருவாக்கிய ஜார்ஜ் பீச்சம், அதிர்வை மின்சாரமாக்கும் 'பிக்கப்' சுருளின் கம்பியைச் சுற்றத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார். அன்று அந்த வீட்டில் துணி எப்படி வெளுத்தது என்று வரலாறு பதிவு செய்யவில்லை. செய்து முடித்த வாத்தியம் வட்டமான உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் 'வாணலி' என்றே பெயர் வாங்கியது. காப்புரிமை அலுவலகத்துக்கோ இது வேலை செய்யும் பொருள்தானா என்றே சந்தேகம். வாத்தியக்காரர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி அதிகாரிகள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1937-இல் உரிமை கைக்கு வந்தபோது போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஏற்கெனவே கடை விரித்திருந்தன.

குயீன் ராக் குழுவின் பிரையன் மே பதினாறு வயதில் செய்தது இதைவிட மோசம். 1963 ஆகஸ்டில் அவரும் மின்னணுப் பொறியாளரான அவர் அப்பா ஹாரால்டும் ஆளுக்கொரு உளியோடு தொடங்கினார்கள். கித்தாரின் கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்பலகை. அதில் புழு அரித்த ஓட்டைகளுக்குத் தீக்குச்சி. ஸ்பிரிங் 1928-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. கழுத்தில் இடம் காட்டும் புள்ளி வைக்க அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துப் பொத்தான். சுரத்தை அசைக்கும் கைப்பிடியின் முனைக்கு அதே அம்மாவின் பின்னல் ஊசி. இரண்டு வருஷ உழைப்பில் உருவான அந்தக் கித்தாரைத்தான் அவர் இன்றும் மேடையில் வாசிக்கிறார். ஜொகூரில் கணப்படுப்பு கிடையாது. ஆனால் சாப்பாட்டு மேசை இருக்கிறது.

ஜொகூர் பாருவுக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் 1961-இல் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு, இரண்டு ஊரையும் இணைக்கும் பாலத்தின் இரு பக்கமும் 'குகிரான்' என்ற கித்தார்க் குழுக்கள் கிளம்பின. 1981-இல் ஜொகூர் பாருவிலேயே உருவான 'செர்ச்' ராக் குழு, 'இசபெல்லா' பாட்டோடு இந்தோனேசியாவரை போய் வந்தது. தமிழ் வீடுகளுக்கு வேறோர் அளவுகோல் இருந்தது. பினாங்கிலிருந்து வந்த ஆலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே ஆட வைத்தார்கள் அல்லவா? அதிலிருந்து எந்த அத்தைக்கும் ஒரே வாதம்தான்: "ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைங்க பாடி சம்பாதிச்சாங்க. நீ பலகைய அறுத்து என்னப்பா பண்ணப் போற?"

பலகைக்கு வருவோம். மூவார் நகரம் மலேசியாவின் மேசை நாற்காலித் தலைநகரம். அங்கே பட்டறை பட்டறையாக இழைக்கப்படுவது ரப்பர் மரம். தாத்தாவும் பாட்டியும் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய அதே பால்மரம்தான். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் அடுப்புக்குத்தான் போட்டார்கள். அல்லது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட எரித்தார்கள். அறுத்த கையோடு மருந்து ஏற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலமாகிவிடும், வண்டும் துளைத்துவிடும். போரான் கரைசலை உள்ளே ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. கித்தாருக்கு அது ஆகுமா? மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கித்தார்க்காரர்களுக்குள் சம்பந்திச் சண்டையே நடக்கும். மகோகனியில்தான் குழைவு என்பார் ஒருவர், ஆல்டரில்தான் தெளிவு என்பார் அடுத்தவர். ஆனால் கித்தார்க் கலைஞர் லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் நாலங்குலப் பைன் கட்டை ஒன்றில் கம்பி கட்டி வாசித்தார், நன்றாகவே பாடியது. கேட்டவர்கள் முகத்தைச் சுளித்ததால், கட்டையின் இரு பக்கமும் ஒரு கித்தாரின் பாதிப் பாதி உடலை ஒட்டினார். உடனே கைதட்டினார்கள். இதை எழுதுபவரின் கட்சி இதுதான்: ஸ்பீக்கரை மாற்றினால் வித்தியாசம் காதுக்குத் தெரியும், மரத்தை மாற்றினால் பில்லில்தான் தெரியும்.

ஆகவே ரப்பர் மரம் தாராளமாகப் போதும். ஒரே சிக்கல், கித்தார் உடல் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் கனம். மேசைப் பலகை பெரும்பாலும் அதில் பாதிதான். இரண்டாக அறுத்து ஒன்றின் மேல் ஒன்றை ஒட்ட வேண்டும். "ஒரு கால் ஆடுதுன்னுதானே சொன்னேன்? அறுக்கவா சொன்னேன்?" என்ற குரல் சமையலறையிலிருந்து வரும். அதற்கு லியோ ஃபெண்டரும் பதில் வைத்துவிட்டுப் போகவில்லை.

கணக்கில் பிழைத்தால் மரம் மன்னிக்காது. கம்பி நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817-ஆல் வகுத்தால், கழுத்தில் குறுக்கே பதிக்கும் ஃபிரெட் கீற்றுகளில் முதலாவது விழும் இடம் வரும்: 36.37. மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் சரியாக 324-இல், கம்பியின் நட்ட நடுவில் உட்காரும். கலீலியோவின் தந்தை வின்செஞ்சோ கலீலி பதினாறாம் நூற்றாண்டிலேயே லூட் வாத்தியத்துக்கு 18-ஆல் வகுத்துப் பார்த்தவர். "என்ன பெரிய வித்தியாசம், முழு எண்ணாவே போட்டுக்கலாமே" என்று அவர் வழியில் போனால், பன்னிரண்டாவது ஃபிரெட் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். நுனி விரல் அளவுகூட இல்லாத அந்தப் பிசகு, கல்யாண வீட்டு மைக்கில் சுருதி தவறிப் பாடும் பெரியப்பாவாக வெளியே வரும்.

பொறுமைக்கு உண்மையான சோதனை பிக்கப் சுற்றுவது. 42-ஆம் எண் செம்புக் கம்பி, கனம் 0.063 மில்லிமீட்டர், கிட்டத்தட்டத் தலைமுடி. காந்தத் துண்டுகளைச் சுற்றி ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று போட வேண்டும். துளைபோடும் டிரில்லில் மாட்டி மெல்ல ஓட்டுவார்கள். எண்ணுவதற்கு ஓர் அருமையான குறுக்குவழி உண்டு. பள்ளிப் பிள்ளையின் கால்குலேட்டரைத் திறந்து, சமக்குறிப் பொத்தானிலிருந்து இரண்டு கம்பி இழுத்து, காந்தம் கடக்கும்போதெல்லாம் மூடித் திறக்கும் ஒரு சிறு சுவிட்சில் கொடுப்பார்கள். ஒன்று கூட்டல் ஒன்று என்று அழுத்திவிட்டால், அச்சு சுற்றச் சுற்றக் கால்குலேட்டர் தானே எண்ணிக்கொண்டு போகும். ஆறாயிரத்தைத் தாண்டும் நேரத்தில், "நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சைப்பா" என்று யாராவது வந்து நிற்பார்கள். திரும்பிப் பார்த்தால் போதும், கம்பி அறுந்திருக்கும்.

சுற்றி முடித்து மாட்டினால் முதலில் கேட்பது பாட்டல்ல, இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது நடைமுறையில் ஓர் ஏரியல். சுவரிலோடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், டியூப் லைட்டின் சோக்கு, சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். பழைய ரகக் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்தால், மணி அடிப்பதற்கு முன்பே ஆம்பிலிருந்து 'டிட் டிட் டிட்' என்று கேட்கும். அத்தை கூப்பிடுகிறார் என்று வீட்டில் முதலில் அறிவது கித்தார்தான். கிப்சன் கம்பெனியின் செத் லவர் 1955-இல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், கம்பியின் ஓசை மட்டும் தங்கும். வயரை மாற்றிக் கொடுத்தால் இதுவே தலைகீழாகும்: ஓசை தேய்ந்து, இரைச்சல் இரட்டிப்பாகும். அதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் கித்தாரின் குழிக்குள் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டிவிடுகிறார்கள். ஓரளவு வேலை செய்கிறது. கேக் செய்கிற அன்றுதான் தாள் எங்கே போனது என்ற விசாரணை தொடங்கும்.

ஆம்பில் முதல் பாடம் எட்டுக் கால் உள்ள எல்எம் 386 சில்லு. ஒன்பது வோல்ட் பேட்டரி, ஓரிரு கெப்பாசிட்டர், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய எட்டு ஓம் ஸ்பீக்கர், அவ்வளவுதான். சும்மா விட்டால் இருபது மடங்கு பெருக்கும்; ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் இருநூறு மடங்கு. அரை வாட்தான் வெளியே வரும். அரை வாட் என்றால் ஏளனம் வேண்டாம், வரிசை வீட்டுச் சுவருக்கு அதுவே அதிகம். பெட்டிக்கும் அலைய வேண்டியதில்லை. பத்து பஹாட்டில் 1958 முதல் இயங்கும் ஹப் செங் கம்பெனியின் பிஸ்கட் டின் போதும். தகரம் வெளி இரைச்சலைத் தடுக்கும். சில சுரங்களுக்கு டின்னே சேர்ந்து பாடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குயீன் குழுவின் ஜான் டீக்கன் 1970-களில் தெருக் குப்பைப் பெட்டியில் கிடந்த சர்க்யூட் பலகையை எடுத்து வந்து, புத்தக அலமாரி ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓட்டினார். அந்தக் குப்பைதான் பிரையன் மேயின் கித்தாரை ரெக்கார்டுகளில் ஜாஸ் பேண்டாகவே ஒலிக்கச் செய்தது.

பெரிய ஆம்புக்கு ஆசை வரும்போதுதான் புகை வரும். ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய சாமான் கடைகளில் நல்ல ஆம்ப் மலிவாகக் கிடைக்கும். பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். வாங்கியவருக்கு விலைச்சீட்டுதான் கண்ணில் பட்டிருக்கும். நம் 240-இல் செருகினால் மின்னழுத்தம் 2.4 மடங்கு, உள்ளே சூடு அதன் வர்க்கத்தில், ஏறக்குறைய ஆறு மடங்கு. ஃபியூஸ் போனால் புண்ணியம் செய்தவர். வால்வு ஆம்பில் விளையாட்டே கூடாது. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலை செய்தது மிடுக்குக்காக அல்ல, மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகாமல் இருக்க.

கடைசியாக வார்னிஷ். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை ஜொகூரின் மழைக்கால மாலையில் அடித்தால், ஈரத்தை இழுத்துப் பால் படிந்தாற்போல் வெளுத்துப் போகும். அடிக்கிற நாள் பார்த்து ஈசல் கிளம்பும். காய்ந்த பிறகு பார்த்தால் இரண்டு மூன்று சிறகுகள் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி நிரந்தரமாக இருக்கும். இதைக் கைவேலைப்பாடு என்று சொல்லி விற்கும் துணிச்சல் வாசிக்கத் தெரியாதவருக்குத்தான் வரும்.

ஆனால் யாரும் கித்தார் வாங்க வருவதில்லை. "அங்கிள் கையில சோல்டரிங் இருக்கு" என்ற செய்தி தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவிய பிறகு வருவதெல்லாம் ரைஸ் குக்கர், கரோக்கே பெட்டி, ஓடாத ஃபேன். தைப்பூசம் நெருங்கினால் கோயில் கமிட்டி ஆம்பைத் தூக்கிக்கொண்டு வரும். பின்னாலேயே உறுமி மேளப் பையன்கள் தங்கள் மைக்கோடு வருவார்கள். அங்கிள் திறந்து பார்ப்பார். எர்த் கம்பி விட்டிருக்கும், இரைச்சல் காதைப் பிளக்கும். பிக்கப்பிலும் ஃபாயிலிலும் வருஷக்கணக்கில் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டியவர் அவர். ஷீல்டு வயர், ஹம், எர்த் லூப் என்று விளக்கத் தொடங்குவார். கமிட்டித் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்வார்: "கர்ர்ருன்னு கேட்டா பரவால்ல அங்கிள். சவுண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க."