மண்ணெண்ணெய் வாசமும் மாமனாரும்

ஒயின் குடிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. குடித்த பிறகு என்ன சொல்வது என்பதில்தான் இருக்கிறது எல்லாச் சிரமமும். காபி என்றால் "பேஷ்" அல்லது "கழுநீர்" என்று தீர்ப்புச் சொல்லி டம்ளரைக் கவிழ்த்துவிடலாம். ஒயினுக்கு அது போதாது. கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, ஏதாவது ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பழம் திராட்சையாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

இந்தக் கலையை நாங்கள் கற்கப் போன ஊர் நாசிக். சூர்ப்பணகை மூக்கை இழந்தது அங்கே, கோதாவரிக் கரைப் பஞ்சவடியில் என்பது அந்த ஊர் ஐதீகம். அதே ஊருக்கு இன்று மும்பைக்காரர்களும் புனேக்காரர்களும் மூக்கை மட்டுமே நம்பிக் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஏற்பாடெல்லாம் புனேயில் கணினி வேலை பார்க்கும் என் மச்சினனுடையது. மாமனாரைத் திரியம்பகேஸ்வரர் தரிசனம் என்று சொல்லித்தான் அழைத்துவந்தோம். தரிசனம் காலையிலேயே நல்லபடியாக முடிந்தது. மிச்சப் பகலைப் பற்றி, "திராட்சைத் தோட்டம் பார்க்கப் போறோம்ப்பா" என்பதோடு மச்சினன் நிறுத்திக்கொண்டான். மாமனாருக்குச் சொந்த ஊர் கம்பம். வங்கியில் திராட்சை விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தே தலை நரைத்தவர். மதுவை மோந்துகூடப் பார்த்ததில்லை. திராட்சை என்றதும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சுலா என்ற ஒயின் தோட்டம். கலிபோர்னியாவில் ஆரக்கிள் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த ராஜீவ் சமந்த், நாசிக்கில் இருந்த குடும்ப நிலத்தில் மாம்பழம் உட்பட ஏதேதோ பயிரிட்டுப் பார்த்து, கடைசியில் ஒயின் திராட்சைக்கு வந்து சேர்ந்தார். முதல் ஒயின் 2000-ல் வெளிவந்தது. ருசி பார்க்கும் கூடம் 2005-ல் திறந்தது. இதைக் கேட்ட மாமனார், "அமெரிக்க வேலையை விட்டுட்டா? இவருக்கு முதல்ல லோன் கொடுத்த மேனேஜரை நான் பார்க்கணும் மாப்ள" என்றார்.

கொடிகளைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த கள அலுவலர் விழித்துக்கொண்டார். கவாத்து எப்போது, சொட்டுநீரா, ஏக்கருக்கு எவ்வளவு என்று வங்கி ஆங்கிலத்தில் விசாரணை தொடங்கியது. எங்களுக்கு வழிகாட்டிய இளைஞர் பொறுமைசாலி. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தானாகத் தூங்கிவிடும். இங்கே அந்தக் குளிர் கிடையாது. அதனால் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, மழை ஓயும்போது செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு கவாத்து, ஒரே அறுப்பா? எங்க பக்கம் வருஷம் பூரா அறுப்பு" என்றார். இளைஞர் முகத்தில் லேசாக ஒரு வாட்டம் விழுந்தது.

பிறகு மேசை. ஒவ்வொரு கோப்பையிலும் ஹோமியோபதி டாக்டர் ஊற்றிய அளவு ஒயின். முதலில் சாவிஞான் பிளாங். "பச்சைக் குடைமிளகாய் தெரிகிறதா?" என்றார் இளைஞர். எங்கள் மேசையில் எல்லோரும் கோப்பைக்குள் மூக்கை விட்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, தெரிகிறது என்று தலையாட்டினோம். மாமனாருக்கு மட்டும் கோப்பை இல்லை. ஆகவே சந்தேகம் கேட்கும் சுதந்திரம் இருந்தது. "குடைமிளகாய் போட்டா காய்ச்சுறீங்க?"

இல்லையாம். குடைமிளகாய்க்கு அந்த வாசனையைத் தரும் பைரசின் வகைப் பொருள் இந்தத் திராட்சையிலும் இயற்கையாகவே இருக்கிறதாம். புளுகு என்று நாங்கள் மனசுக்குள் முத்திரை குத்தியிருந்த விஷயத்துக்கு வேதியியல் சாட்சிக்கு வந்துவிட்டது.

அடுத்தது ரீஸ்லிங். "இது நாள்பட நாள்பட மண்ணெண்ணெய் வாசனை வரும்" என்றார் இளைஞர், பெருமையாக. மாமனார் என் காதருகே வந்தார். "மாப்ள, ரேஷன் அரிசியில மண்ணெண்ணெய் வாசம் வந்தா நாங்க சாலை மறியல் பண்ணுவோம். இங்க விலையைக் கூட்டுறாங்க."

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு அட்டவணையே உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை 1980-களில் வட்டமாக ஒரு வாசனைச் சக்கரம் வரைந்தார். அதில் எலுமிச்சை, ரோஜா, தேன் எல்லாம் உண்டு. மண்ணெண்ணெயும் உண்டு, நனைந்த நாயும் உண்டு. மச்சினன் அந்தச் சக்கரத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தான். அதற்குப் பிறகு அவன் கோப்பையைப் பார்த்ததைவிடக் கைப்பேசியைப் பார்த்ததுதான் அதிகம்.

கொஞ்ச தூரத்திலேயே யார்க். 2006-ல் ஒரு குடும்பம் தொடங்கியது, 2021-லிருந்து சுலாவின் கையில். மாடியில் உட்கார்ந்தால் கங்காபூர் அணை நீர் தெரிகிறது. தயிர்சாத மூட்டையை அங்கே பிரிக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்று கெஞ்சி, காரிலேயே முடித்துக்கொண்டு மாடியேறினோம். மாவடு தின்ற நாக்கோடு நுரைக்கும் ஒயினைச் சந்தித்த முதல் குழு நாங்களாக இருக்கலாம்.

நுரைக்கும் ஒயினைப் பாரம்பரிய முறையில் செய்யும் விதம் பொறுமைக்கு ஒரு பரீட்சை. சாதாரண ஒயினைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து, கார் டயரைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் அடைந்து கிடக்கிறது. செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். அதை எடுக்கப் புட்டியைத் தினம் கொஞ்சம் திருப்பித் திருப்பி, மெல்ல மெல்லத் தலைகீழாக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் கிளிக்கோ என்ற கைம்பெண்ணின் நிலவறையில் உருவான உத்தி இது. வண்டல் கழுத்துக்கு வந்ததும் கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், அழுத்தம் அந்தப் பனிக்கட்டியை வண்டலோடு வெளியே துப்பிவிடும். குறைந்த இடத்தை நிரப்பித் தக்கையடித்து, கம்பி கட்டிவிடுவார்கள்.

"கோலி சோடா மாதிரி" என்றார் மாமனார். இத்தனை நேரம் விளக்கிய பெண்ணுக்குக் கோலி சோடா தெரியவில்லை. அதன்பின் ஐந்து நிமிடம் மாமனார் விளக்க, அவர் குறிப்பெடுத்தார்.

புட்டியில் 'புரூட்' என்று எழுதியிருந்தது. லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகச் சர்க்கரை என்று அதற்குப் பொருள். என் மனைவிக்கு அது தெரியாது. சினிமாவில் எல்லோரும் சிரித்துக்கொண்டே குடிப்பதைப் பார்த்து, இனிப்பாக இருக்கும் என்று நம்பி ஒரு மடக்கு குடித்தாள். "ரசத்துக்குக் கரைச்ச புளியில காத்தடிச்ச மாதிரி இருக்கு." சக்கரத்தில் அது இல்லை என்றான் மச்சினன்.

கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் நாக்கு மரத்துவிட்டது. வாய் மட்டும் திறந்துகொண்டது. நியாயமாக, ருசி தெரியத் தெரியத்தான் பேச்சு வளர வேண்டும். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. காபர்னே சாவிஞானில் மச்சினன் புகையிலை கண்டான். ஷிராஸில் நான் மிளகு கண்டேன். பக்கத்து மேசைக்காரர் ஈர மண் என்றதும் எங்கள் மேசைக்கும் அது தூறியது. மேசையோரம் படிக்கம் ஒன்று வைத்திருந்தார்கள். தொழில்முறை ருசியாளர்கள் விழுங்காமல் அதில் துப்பிவிடுவார்களாம். காசு கொடுத்து வாங்கியதைத் துப்பும் துணிவு எங்களில் யாருக்கும் வரவில்லை. படிக்கம் கன்னி கழியாமலே இருந்தது.

மேலைநாட்டு விவரம் ஒன்று இங்கே எங்களுக்கு ஆறுதல். 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் படிப்புப் படித்த 54 பேரிடம், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வருணித்தார்கள். படித்தவர்களின் மூக்கே கண் சொன்னதைக் கேட்கிறது. மாவடு தின்றவர்களின் மூக்கு பக்கத்து மேசையைக் கேட்டால் என்ன குற்றம்?

என் மனைவிக்குக் கடைசியில்தான் மோட்சம் கிடைத்தது. பழத்தைக் கொடியிலேயே கூடுதல் நாள் விட்டு, இனிப்பு ஏறிய பிறகு பறித்துச் செய்யும் ஒயின். "இதை முதல்லயே கொடுத்திருக்கலாம்ல?" என்று அவள் கேட்டபோது, நாள் முழுக்கக் கேட்ட விமர்சனங்களில் அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

மாமனார் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பரிமாறியவர் ஒரு கோப்பையில் திராட்சைச் சாறு கொண்டுவந்து வைத்தார். மாமனார் எங்களைப் பார்த்தபடியே கோப்பையைச் சாய்த்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். மேசையே காத்திருந்தது.

"திராட்சை வாசம் வருது" என்றார்.

நாங்கள் சிரித்தோம். பரிமாறியவர் சிரிக்கவில்லை. பெரும்பாலான ஒயினில் திராட்சையின் மணம் தனியாகத் தெரியாது, மஸ்கட் போன்ற சில இனங்களில்தான் பழத்தின் மணம் ஒயினிலும் நிற்கும் என்றார். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பத்துப் பன்னீர் திராட்சை அந்த மஸ்கட் இனம்தான். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இரண்டையும் அவர் சொன்ன தோரணையில், இனம், குறியீடு இரண்டுக்குமே அவர்தான் கடன் சாங்ஷன் செய்தாரோ என்று தோன்றியது.

புட்டிகள் வாங்கினோம். மச்சினன் சக்கரத்தைப் பார்த்து ஒன்று வாங்கினான். நான் விலையைப் பார்த்து ஒன்று வாங்கினேன். மனைவி இனிப்பானதில் இரண்டு வாங்கினாள். காரில் மாமனார் நெடுநேரம் பேசவில்லை. இகத்புரி தாண்டியதும் மெதுவாகத் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் புரியல மாப்ள. இத்தனை ஏக்கர், இத்தனை எந்திரம், இத்தனை படிச்ச பிள்ளைக. திராட்சையில இருந்து திராட்சையை வெளியேத்தத்தானா?"

சக்கரத்தைத் தேடிய மச்சினனுக்கு அதிலும் பதில் கிடைக்கவில்லை.