செட் என்னும் சொல்: ஒரு பொருளாராய்ச்சி

1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள் கண்டு, விளக்குவதற்கு 60,000 சொற்களைச் செலவழித்திருக்கிறது. அந்த அறிஞர்கள் நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பொழுது உட்கார்ந்திருந்தால் வேலை முழுமையாக முடிந்திருக்கும்.

முதலில் இலக்கணம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே கிராமத்துப் பெரியவர்கள் ஓர் உகரம் கொடுத்துச் ‘செட்டு’ ஆக்கிக்கொண்டார்கள். ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்பதில் வருவது வேறு செட்டு, அது சிக்கனம். வாசலில் மைக் செட்டு கட்டிய வீட்டில் அதைத் தேடக் கூடாது.

இனி வேர். தொகுதி என்ற பொருளில் வரும் செட், லத்தீன் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’டும் அதே வயிற்றுப் பிள்ளைதான். எனவே செட் தோசையும் ஒரு சமயப் பிரிவே என்பது நம் துணிபு. உட்பிளவுகூட உண்டு: கர்நாடகத்தில் பெரும்பாலும் மூன்று, நம் பக்கம் பெரும்பாலும் இரண்டு. கணக்குப் புத்தகமோ செட்டைக் ‘கணம்’ என்று சொல்லி, உறுப்பே இல்லாவிட்டாலும் அது வெற்றுக் கணம் என்கிறது. ஓட்டலில் இந்த வாதம் எடுபடாது. ஒன்று மட்டும் போதும் என்றதற்கே, “செட்டாத்தான் சார் வரும்” என்று சொல்லிவிட்டார் சர்வர்.

பம்ப்செட், பல் செட், காலேஜில் ‘எங்க செட்டு’ எல்லாம் எளியவை. தாண்டிப் போவோம்.

வினையாக வேண்டுமென்றால் செட்டுக்குத் தமிழில் துணை வேண்டும். ‘பண்ணு’ சேர்ந்தால் சூது வாடை அடிக்கும்: ‘ஆள் செட் பண்ணியாச்சு’ என்றால் அந்த ஆள் டிரைவராகவும் இருக்கலாம், பொய்ச்சாட்சியாகவும் இருக்கலாம். ‘ஆகு’ சேர்ந்தாலோ எதற்கும் யாரும் பொறுப்பில்லை. பெண் பிடிக்கவில்லை என்று சொன்னால் இரண்டு குடும்பம் ஜென்மத்துக்கும் பேசாது. ‘செட் ஆகலை’ என்றால் காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்தபடி எழுந்திருக்கலாம். எது, யாருக்கு என்று கேட்பது நாகரிகமில்லை. என் சித்தப்பா மகன் மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்தபோது அம்மா கேட்டாள்: “ஏம்ப்பா விட்டுட்ட?”

“செட் ஆகலை பெரியம்மா.”

“சரி, சாப்பிட வா.”

431ஆவது பொருளாக இதைச் சேர்க்குமாறு ஆக்ஸ்போர்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உதாரணத்துக்குத் தயிரைக் காட்ட வேண்டாம். அது அவர்கள் ஊரிலும் செட் ஆகும்.