உப்பளத்து ஸ்விட்சர்லாந்து

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியலோடு செல்ஃபி எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தக் குவியலுக்குப் பின்னால் கோட்டும் சூட்டும் மாட்டிய ஒருவர் வேர்த்து விறுவிறுத்து நடந்து வர, தொப்பி போட்ட இன்னொருவர், "முதலாளி, குளிருது முதலாளி! கையைத் தேய்ச்சுக்கினே வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தால், அவர்தான் நம் டைரக்டர்.

உள்ளூர் கேபிள் சேனலுக்கு விளம்பரப் படம் எடுப்பவர். காதுகுத்து, கல்யாணம், கும்பாபிஷேகம் என்று படிப்படியாக உயர்ந்தவர். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னாலேயே 'அவார்டு வின்னர்' நிற்கும். 1954-இல் வெனிஸில் தொடங்கி இப்போது கான் நகரில் நடக்கும் விளம்பரத் திருவிழாவில் சிங்கப் பதுமை தருகிறார்கள். இவர் கேடயத்திலும் சிங்கம் உண்டு. கொடுத்தது பக்கத்து ஊர் லயன்ஸ் சங்கம். அந்த விழாவுக்கு வீடியோ எடுத்ததும் அவரே. அதனால் அவர் மேடையேறி விருது வாங்கும் காட்சி மட்டும் வீடியோவில் இல்லை.

ஊட்டிக்குப் போனால் வேன் வாடகை, ரூம் வாடகை. இங்கே 3,000 ஏக்கருக்கு மேல் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. டீச் செலவோடு முடிந்துவிடும். குவியலின் அடிவாரத்தில் கேமராவை வைத்தால் ஆல்ப்ஸ். ஒரே ஒரு சங்கடம், தீபாவளி நேரத்தில்தான் மழை வரும், ஆல்ப்ஸும் தார்ப்பாய்க்குள் போய்விடும். ஆகவே தீபாவளி விளம்பரமெல்லாம் ஆவணி வெயிலிலேயே, ஸ்வெட்டரோடு முடிந்துவிடும். விடியுமுன்னே அளத்தில் இறங்கி உப்பு வாரிவிட்டுக் கரையேறும் ஆயா ஒருத்தி ஒருநாள் கேட்டேவிட்டாள்: "இன்னா தம்பி, எங்க காலு வெந்து போவுது. நீ குளிருது குளிருதுன்றியே?"

"ஆயா, உன் குரலு ஆடியோவுல விழுவுது" என்றார் டைரக்டர்.

அவருடைய முப்பது விநாடிக்கு இலக்கணம் உண்டு. பிள்ளையாருக்கு மூன்று விநாடி. மாலை போட்ட போட்டோவில் இருக்கும் பெரிய முதலாளிக்கு ஐந்து. சின்ன முதலாளி ஸ்லோ மோஷனில் நடந்து வரப் பதினைந்து. மிச்சத்தில் 'பஸ் ஸ்டாண்டு எதிரில், வேறு கிளைகள் கிடையாது', இரண்டு போன் நம்பர். பொருளை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"அது கடையில இருக்குது சார். பாக்கணும்னா அங்க வரட்டும்."

முதலாளிகளையும் குறை சொல்ல முடியாது. வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரின் சிரிப்பையும் லலிதா ஜுவல்லரி கிரண்குமாரின் மொட்டைத் தலையையும் தினம் டிவியில் பார்த்தவர்கள். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் 2022-இல் 'தி லெஜண்ட்' படத்தின் கதாநாயகனாகவே ஆன பிறகு, சிமென்ட் கடைக்காரர்கூடத் தலைக்கு டை அடித்துக்கொண்டுதான் கல்லாவில் உட்காருகிறார். டைரக்டருக்கு இந்த ரகசியம் தெரியும். விளம்பரத்துக்குப் பணம் தருபவரும் முதலாளி, அதை ஒன்பது தடவை போட்டுப் பார்ப்பவரும் முதலாளி. வாடிக்கையாளர் பார்த்தால் அது லாபக் கணக்கு.

ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதி இருக்கிறதே என்றேன். "மீறவே இல்ல சார். முதலாளி பொண்ணு கல்யாணத்த மூணு மணி நேரம் போட்டமே, அது நிகழ்ச்சிக் கணக்கு."

வரலாற்று ஞானமும் உண்டு. மரக்காணம் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகள் உப்பளங்களைப் 'பேரளம்' என்கின்றன. ஓர் அளத்துக்கு ராஜராஜன் பெயர். இதைச் சொன்னதும் டைரக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஸ்பான்சர் சார்! ஆயிரம் வருஷமா ஸ்க்ரோலிங் ஓடுது பாருங்க. கரண்டு போனாலும் நிக்காது."

நகைக்கும் நைட்டிக்கும் உப்பளத்தில் படம் எடுத்தவர், உப்புக்கு மட்டும் ஒரு படம் எடுத்ததில்லை. இங்கிருந்து மூட்டையாகப் போவது எந்தக் கம்பெனி பாக்கெட்டில் ஏறுகிறதோ, விளம்பரம் அந்தக் கம்பெனிக்குத்தான். மனசு கேட்காமல் உப்பு வியாபாரி ஒருவரிடம் போய்ப் பேசிப் பார்த்தார்.

"எதுக்குப்பா விளம்பரம்? உப்பு இல்லன்னா ரெண்டாவது வாய் எறங்காது. அதுக்கு மேல நீ இன்னா சொல்லிடப் போற?"

டைரக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வரியைப் போனில் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரமே பிரியாணிக் கடை முதலாளி ஒருவர், மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் அடிவாரத்தில் நின்று முழங்கினார்: "எங்க பிரியாணி சாப்பிட்டவங்களுக்கு வேற பிரியாணி ரெண்டாவது வாய் எறங்காது!"

அன்று ராத்திரியே வியாபாரியிடமிருந்து போன். வசனத்தைத் திருடியதற்குத்தான் திட்டு என்று நினைத்து டைரக்டர் பயந்துகொண்டே எடுத்தார்.

"பின்னாடி நிக்குற குவியல் என்னுதுப்பா. கேமராவ இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பியிருந்தா நானும் தெரிஞ்சிருப்பேனே!"