கோமாளியைத் துரத்திய மகராசி

1737 அக்டோபர் மாதம். ஜெர்மனியின் சாக்ஸனி சீமை, லைப்சிக் நகரம். ஒரு நாடகக் கொட்டகையில் அன்றைக்குத் தண்டனை நிறைவேற்றும் காட்சி. குற்றவாளி யார் தெரியுமா? கொலைகாரன்? ராஜத் துரோகி? ம்ஹூம். கலர் கலராக ஒட்டுப்போட்ட சட்டை மாட்டிய ஹார்லெகின் என்கிற கோமாளி! இனி இந்த மேடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அவனை விரட்டிவிட்டார்கள். உருவப் பொம்மை செய்து கொளுத்தினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், வெறுமனே துரத்தினார்கள் என்று சிலர். நாடகப் பிரதியே தொலைந்துபோய்விட்டதால் இரண்டு கோஷ்டிக்கும் வசதி.

துரத்தியவர் கரோலினெ நோய்பர் என்கிற அம்மாள். கம்பெனி முதலாளி, கதாநாயகி, டைரக்டர் எல்லாம் அவரே. அன்றைக்கு நடந்த குட்டி நாடகத்தை எழுதியதும் அவரே. ஜெர்மன் நாடக வரலாற்றில் இதை ஏதோ சுதந்திரதினக் கொடியேற்றம் மாதிரி வர்ணிப்பார்கள். நாம் மரியாதையாக எழுந்து நிற்பதற்கு முன்னால், திரைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம்.

முதலில், அந்தக் கோமாளி செய்த பாவம்தான் என்ன? அந்தக் காலத்து ஜெர்மன் நாடகம் என்றால் ராஜா, சதி, விஷம், வரிசையாகப் பிணங்கள். நடுவில் ஹார்லெகின் வந்து, நம்ம ஊர் ஸ்பெஷல் நாடகத்து பபூன் மாதிரி, வாய்க்கு வந்ததைப் பேசி ஒரே கலாட்டா பண்ணுவான். எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது. ராஜா எவ்வளவு கஷ்டப்பட்டுச் செத்தாலும், ஜனங்கள் கைதட்டுவது இவனுக்குத்தான். எந்தக் கதாநாயகிக்குத்தான் பொறுக்கும்?

இங்கே ஒரு புரொஃபஸர் நுழைகிறார். பெயர் கோட்ஷெட். ஆள் ரொம்ப உயரம். பிரஷ்ய ராஜாவுக்கோ, நெட்டையான ஆசாமிகளைக் கண்டால் பிடித்து ராணுவத்தில் போட்டுக்கொள்ளும் வியாதி. (கிண்டலில்லை; வளர்ந்த ஆட்களைச் சேர்ப்பதற்கென்றே ஒரு ரெஜிமென்ட் வைத்திருந்தார்.) அந்த ஆள்பிடிகாரர்களுக்குப் பயந்து 1724-ல் கோனிக்ஸ்பர்கிலிருந்து லைப்சிக்குக்கு ஓடிவந்தார் கோட்ஷெட். இரண்டு அங்குலம் குள்ளமாகப் பிறந்திருந்தால் ஜெர்மன் நாடகத்துக்கு விமோசனமே வந்திருக்காது.

வந்தவர் நாடகம் பார்க்கப் போனார். அங்கே கரோலினெ ஆண் வேஷம் கட்டி, நாலு யூனிவர்சிட்டி மாணவர்களாக மாறி மாறி வந்து அசத்திக்கொண்டிருந்தார். மனிதர் விழுந்துவிட்டார், தன் பத்திரிகையில் பாராட்டி எழுதினார். பாரிஸ் மாதிரி, கோமாளித் தொல்லை இல்லாத ஒழுங்கான நாடகம் நமக்கும் வேண்டும் என்பது அவர் கனவு. கனவு காண அவர், நடத்திக் காட்ட இந்த அம்மாள் என்று கூட்டணி அமைந்தது. ஜெர்மானியருக்கு முன்மாதிரி டிராஜெடி எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, புரொஃபஸரே 'சாகும் காட்டோ' என்று ஒன்றை எழுதினார். எழுதினார் என்பது நம் மரியாதை. ஓர் ஆங்கில நாடகம், ஒரு பிரெஞ்சு நாடகம் இரண்டையும் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலாலும் பசையாலும் செய்தது என்று எதிரிகள் சிரித்தார்கள். கரோலினெ அதையும் மேடையேற்றி ஜெயிக்க வைத்தார்.

அம்மாள் கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. வசனத்தை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் பண்ண வேண்டும், சொந்தச் சரக்கு கூடாது. கல்யாணமாகாத நடிகைகள் அவர் வீட்டிலேயே தங்க வேண்டும். துணி தைக்கிற வேலையும் உண்டு. கல்யாணமாகாத நடிகர்கள் அவர் வீட்டுப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும். நாடகக் கம்பெனியா, கான்வென்ட் ஹாஸ்டலா என்று குழப்பமே வரும்.

இவ்வளவு ஒழுக்கம் பேசிய வார்டனம்மாவின் சொந்தக் கதை தெரியுமோ? பதினைந்து வயதில், வக்கீலான அப்பாவின் குமாஸ்தாவோடு வீட்டை விட்டு ஓடினார். அப்பா அடித்து நொறுக்குகிற ரகம். வாரன்ட் போட்டுப் பிடித்துவந்தார். பெண் மாதக்கணக்கில் ஜெயிலில் இருந்தார். திருந்தினாரா? 1717-ல் மறுபடி ஓடினார். இந்த முறை ஆள் வேறு: யோஹான் நோய்பர். ஜன்னல் வழியாகக் குதித்தார் என்றொரு கதையும் உண்டு. ஓடிய கையோடு ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அடுத்த வருஷம் முறைப்படி கல்யாணமும் செய்துகொண்டார்கள். பிற்பாடு தன் நடிகைகளை அவர் அப்படிக் காவல் காத்ததில் ஆச்சரியமென்ன? ஜன்னலின் உபயோகம் தெரிந்தவர்!

சரி, கோமாளிக்கு வருவோம். 1727-ல் சாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸ் மன்னர் அம்மாளின் கம்பெனிக்கு ராஜாங்க லைசென்ஸ் கொடுத்திருந்தார். 1733-ல் மன்னர் காலமானார். லைசென்ஸ் கைமாறி ம்யூலர் என்கிற போட்டிக் கம்பெனிக்காரரிடம் போனது. வழக்கமாக ஆடிவந்த அரங்கத்திலிருந்து அம்மாள் வெளியே. இந்த ம்யூலர் என்ன வேஷத்துக்குப் பேர்போனவர் என்கிறீர்கள்?

ஹார்லெகின்!

ஆக, கலையுலகைச் சுத்தப்படுத்திய அந்த மகத்தான வேள்வி, பாதிக்குப் பாதி லைசென்ஸ் தகராறு. எதிர்க்கடை முதலாளியின் டிரேட்மார்க்கைத்தான் மேடையில் வைத்து விரட்டியிருக்கிறார்.

அதைவிட ஜோர், துரத்தப்பட்டவன் போகவே இல்லை. முப்பது வருஷம் கழித்து இந்தக் குட்டை உடைத்தவர் நாடகாசிரியர் லெஸ்ஸிங். ஹார்லெகின் பிரதான வேஷத்தில் வரும் நாடகங்களை அந்த அம்மாளே நிறைய ஆடினார். பெயரை மட்டும் ஹான்ஷென் என்று மாற்றி, கலர் சட்டையைக் கழற்றி வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டார், அவ்வளவுதான் என்று போட்டுக் கொடுத்துவிட்டார். வசூல் பெட்டி என்று ஒன்று இருக்கிறதே, சார்!

கூட்டணி எத்தனை நாள் தாங்கும்? வோல்டேரின் 'அல்சீர்' நாடகத்தை கோட்ஷெட்டின் மனைவி மொழிபெயர்த்திருந்தார். அதைத்தான் ஆட வேண்டும் என்றார் புரொஃபஸர். எங்களிடம் ஏற்கெனவே வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறது, என் ஆட்கள் அதைத்தான் பாடம் பண்ணியிருக்கிறார்கள் என்றார் அம்மாள். கூட்டணி அங்கேயே முறிந்தது. இதற்கிடையே ஹாம்பர்க்கில் ரசிகர்களுக்கு ரசனையே இல்லை என்று மேடையிலிருந்தே திட்டினார். ரஷ்ய மகாராணி அன்னா அழைத்தார் என்று பீட்டர்ஸ்பர்க் போனார். 1740-ல் மகாராணி மண்டையைப் போட்டுவிட, திரும்பிவந்தார். அவரை ஆதரித்த ராஜாக்களுக்கும் ராணிகளுக்கும் ஆயுசு கெட்டியில்லை போலும்.

திரும்பியவர் 1741-ல் கணக்குத் தீர்த்தார். ரோமானியக் கதைக்கு ரோமானிய உடைதான் போட வேண்டும் என்பது புரொஃபஸரின் நெடுநாள் பிரசங்கம். ஆகட்டும் என்று, அவருடைய 'காட்டோ'விலேயே ஓர் அங்கத்தை எடுத்து, நடிகர்களுக்கு ரோமானிய அங்கி மாட்டி, காலுக்குத் தோல் நிறத் துணி சுற்றி வெறுங்கால் மாதிரி அனுப்பினார். டிராஜெடிக்கு வந்த ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டாரா? அடுத்து ஒரு குட்டி நாடகம். அதில் 'குறைசொல்லி' என்றொரு பாத்திரம்: முதுகில் வௌவால் இறக்கை, தலையில் தகட்டுச் சூரியன், கையில் மூடிய லாந்தர். இருட்டில் தப்புக் கண்டுபிடிக்கத் தேடிக்கொண்டே வரும். யாரென்று ஊரில் ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோட்ஷெட் தடை கேட்டு நகரசபைக்கு ஓடினார். மந்திரி ப்ரூல் பிரபுவுக்கோ அந்த நாடகம் பார்த்தே ஆக வேண்டும், அனுமதி கிடைத்துவிட்டது. கவனித்தீர்களா? கோமாளியை ஒழித்த மேடையில், ஒழிக்கச் சொன்ன புரொஃபஸரே கோமாளி வேஷத்தில்!

இத்தனை கூத்துக்கு நடுவே அம்மாள் ஒரு நிஜமான சாதனையும் செய்தார். கொட்டகையே கதியென்று சுற்றிக்கொண்டிருந்தான் லைப்சிக்கில் ஒரு மாணவன். ஓசி டிக்கெட்டுக்காக பிரெஞ்சு நாடகங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பான். அவன் எழுதிய முதல் நாடகத்தை 1748 ஜனவரியில் துணிந்து மேடையேற்றினார். பிறகு கம்பெனி நொடித்தது. நடிகர்களின் கடனுக்கு ஜாமீன் போட்ட அந்த அப்பாவி ஊரைவிட்டே ஓடவேண்டி வந்தது. முன்னே சொன்ன லெஸ்ஸிங்தான் அவன். வெள்ளைச் சட்டை ரகசியம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

கடைசி முயற்சியாக 1753-ல் அம்மாள் வியன்னா போய் நடித்தார். எடுபடவில்லை. எடுபடாதுதான்; கோமாளிகளைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் அது. 1760-ல், பிரஷ்யப் படைகளின் குண்டுவீச்சுக்குத் தப்பி டிரெஸ்டன் பக்கத்துக் கிராமமான லௌபெகாஸ்ட்டுக்கு வந்தவர், நவம்பர் கடைசியில் அங்கேயே இறந்துபோனார். நாடகக்காரிக்கு இடம் தரப் பாதிரியார் மறுத்ததால், பெட்டியைச் சுவர் மேலாகத் தூக்கி இடுகாட்டுக்குள் இறக்கினார்கள் என்றொரு கதை உலவுகிறது. நிஜமோ பொய்யோ, பதினைந்து வயதிலிருந்து தாண்டிக்கொண்டே இருந்தவருக்குப் பொருத்தமாகத்தான் புனைந்திருக்கிறார்கள்.

1776-ல் லௌபெகாஸ்ட்டில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். லைப்சிக் நகரமோ கொஞ்சம் நிதானம்: கரோலினெ நோய்பர் பெயரில் நாடகக்காரப் பெண்களுக்கு விருது கொடுக்க ஆரம்பித்தது 1998-ல்.