கோட்டு போட்ட நடைப்பிணம்

தமிழின் முதல் ஜாம்பி படம் 2016-இல் வந்த 'மிருதன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். அதற்கு நூறு வருஷம் முன்பே மெட்ராஸ் கடற்கரைச் சாலையில் ஒரு ஜாம்பி கோட்டும் டையுமாக உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. பெயர் அர்பத்நாட் அண்டு கோ.

சினிமா ஜாம்பியைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கண் வெளுத்திருக்கும், சட்டை கிழிந்திருக்கும், யாரும் அதனிடம் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்க மாட்டார்கள். அர்பத்நாட் அப்படியா? பாரி, பின்னியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர். முதலாளி ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 'சர்' பட்டம் வேறு. ஜமீன்தாரிலிருந்து பென்ஷன் குமாஸ்தா வரை டெபாசிட் போட்டார்கள். "வெள்ளைக்காரன் ஏமாத்த மாட்டான்" என்பதுதான் அவர்கள் கையிலிருந்த ஒரே ஜாமீன்.

உள்ளே உயிர் எப்போதோ போய்விட்டது. மெட்ராஸ் பணம் லண்டன் கூட்டாளி பாட்ரிக் மக்ஃபேடியன் கையில் சூதாட்ட முதலானது. போனதை மறைக்கப் புதிது புதிதாக டெபாசிட்காரர்களைக் கடித்தாக வேண்டும், கடித்தார்கள். நாடி பிடித்துப் பார்க்க ஆள் கிடையாது. ரிசர்வ் வங்கி 1935-இல்தான் பிறக்கப்போகிறது, டெபாசிட் இன்சூரன்ஸ் 1962-இல்.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. பணம் கொடுப்பதை நிறுத்தினார்கள். லண்டனில் மக்ஃபேடியனின் கம்பெனியும் விழுந்தது. அவர் ரயிலில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். மெட்ராஸில் வாழ்நாள் சேமிப்பைத் தொலைத்தவர்கள் முகம் வெளிறி, கால் தள்ளாடி நின்றார்கள். சினிமாவில் கதவுக்கு வெளியே ஜாம்பி, உள்ளே மனுஷன். இங்கே தலைகீழ்.

வழக்கு நடந்தது. 'சர்' அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். பட்டம் பெற்ற துரைக்கே களி என்றதும் ஊருக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் களி தின்றது அவர். பணம் தின்றதும் அவர் கம்பெனியே. டெபாசிட்காரனுக்கு இரண்டிலும் பங்கில்லை.

பேயை ஓட்ட வேண்டுமென்றால் ஊரில் வேப்பிலை தேடுவார்கள். கடன்கொடுத்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் இன்னொரு பேங்க் தேடினார். கிடைக்கவில்லை, ஆகவே தொடங்கிவிட்டார். செட்டியார்கள் கைகொடுக்க, 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கி கதவைத் திறந்தது. சுதந்திரம் அந்தத் தேதியைப் பிடிக்க இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று.

பிற்பாடு அந்த வங்கி அர்பத்நாட் இருந்த இடத்துக்கே குடிபோனது. பரிகாரம், ஹோமம் ஏதாவது நடந்ததா, தெரியாது. தங்களைக் கடித்த அதே விலாசத்துக்கு மெட்ராஸ்காரர்கள் மறுபடியும் போய் டெபாசிட் போட்டார்கள். கால் சதவீதம் வட்டி கூட என்றால் நம்மவர்கள் சுடுகாட்டிலும் கியூவில் நிற்பார்கள்.